கையூன்றிக் கடலுக்கு

மழை வரும் என்று முந்தின நாளே மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் செங்கல்பட்டு வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மழை விடுமுறை என்றாலே வெயில் அடிக்கும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தெருவில் அதற்குள் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது. நான் கணக்கு டீச்சர். அரையாண்டுத் தேர்வுக்குள் முடிக்க வேண்டிய பாடம் மலையாகக் கிடந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அந்தப் பிள்ளைகளுடையதைவிடக் குறைந்ததில்லை. கார்த்திகை மாதம், வாரத்தின் நடுவில் ஒரு நாள். கடற்கரைச் சாலையில் ஈ காக்கை இருக்காது.

வாசலில் என் கார் நின்றது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்ன வயதில் வந்த போலியோ என் இடது காலை முழுதாகவும் வலது காலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. இடது காலில் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த காலிப்பர், வலது கையில் ஊன்றுகோல், இவை இரண்டும் இருந்தால் நான் நடப்பேன். காரை ஓட்ட இவை இரண்டும் தேவையில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி பொருத்தியிருக்கிறது. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கிளட்ச் இல்லாத வண்டி. இடது கை கம்பியில், வலது கை ஸ்டியரிங்கில். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டி ஓட்டிக் கை பழகிவிட்டது. அதைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. போக விட்டதில்லை.

காலிப்பரின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார். அண்ணன் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஓட்டுகிறார். ஒரே காம்பவுண்டில் முன்வீடு அவருடையது, பின்வீடு என்னுடையது. எனக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பா.

"எங்க கெளம்பிட்ட பாப்பா?"

"கடலுக்கு."

"யாரு கூட?"

"நான் மட்டும்தான்."

"மழ வரும்னு லீவு வுட்டுகிறாங்க. லீவு வுட்டதே வூட்ல இருக்கத்தான்."

"வெயில் அடிச்சிகினு கீதுண்ணா."

"வழியில வண்டி நின்னுச்சுன்னா இன்னா பண்ணுவ? எறங்கித் தள்ளுவியா?"

"உன் வண்டி நின்னா நீ தள்ளுவியா? போன் போட்டு ஆளக் கூப்புடுவ. நானும் அதத்தான் பண்ணுவேன்."

குரலை இறக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம எல்லாருமே சேந்து போலாம். நான் கூட்டினு போறேன்."

எல்லாரும் சேர்ந்து போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேனில் போவோம். மாமல்லபுரத்தில் வேனை நிறுத்தியதும் எல்லாரும் குதித்து ஓடுவார்கள். செருப்பு, கைப்பை, போன், மாற்றுத் துணி, புளிசாத வாளி எல்லாம் என் மடிக்கும் என்னைச் சுற்றியும் வந்து குவியும். "நீ இங்கியே இரு, இதோ வந்துர்றோம்." கண்ணாடி வழியாகக் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். திரும்பி வரும்போது எல்லார் உடம்பிலும் உப்பும் மணலும் இருக்கும். எனக்குச் சுண்டல் வாங்கி வருவார்கள். கல்யாண வீட்டு விசேஷங்கள், அரையாண்டு லீவுகள், காணும் பொங்கல்கள் என்று என் ஆயுளில் பாதி இப்படிக் காவல் இருந்தே போயிருக்கிறது. கடலுக்கு முப்பது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து வளர்ந்தவள், கடல் தண்ணீர் என் மேலே பட்டதில்லை.

"இன்னைக்கே போறேன்" என்றேன்.

அண்ணன் வெளியே போனார். குட்டியானையை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. லோடுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நான் காரில் ஏறி உட்கார்ந்து ஊன்றுகோலைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், வண்டியைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார்.

இறங்கிப் போய்ச் சண்டை போட முடியும். ஆனால் நான் இறங்கி, நடந்து, அவர் முன்னால் போய் மூச்சு வாங்கி நிற்பதற்குள் என் கோபத்தில் பாதி வடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் இறங்கவில்லை. ஹாரனில் கையை வைத்தேன். எடுக்கவில்லை.

கிரிக்கெட் நின்றது. எதிர்வீட்டு அம்மா முறத்தோடு வெளியே வந்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் பேப்பரைத் திருப்பினார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் அண்ணி உள்ளேயிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"யோவ், எட்த்து வுடுய்யா. தெருவே பாக்குது, மானம் போவுது."

எடுத்தார். நான் வெளியே போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. வயல்களில் நாற்று நட்டு முடித்திருந்தார்கள். மலை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். அந்த மலையடிவாரத்திலும் செருப்புக் காவல் இருந்தவள்தான் நான். கழுகு பார்க்க வேண்டும் என்று எல்லாரும் படியேறிப் போவார்கள். போனவர்கள் யாரும் கழுகைப் பார்க்கவில்லை என்று இறங்கி வந்து சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. இன்றைக்கு அந்த மலையோடு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கம்பியை இழுத்தேன்.

மாமல்லபுரம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் நுழைய இடமில்லாத மைதானத்தில் நாய்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன. சங்கு மாலைக் கடைகளில் பாதிக்குமேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. டோக்கன் போடுகிறவர் வந்து கண்ணாடியில் குனிந்து பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"டிரைவர் எங்க மேடம்?"

"உங்க எதிர்லதான்."

கடற்கரைக்குப் போகிற வழியில் சிமென்ட் முடிகிற இடம் வரைக்கும் ஊன்றுகோலோடு நன்றாகவே நடந்தேன். அதற்கப்புறம் மணல். ஊன்றுகோலின் ரப்பர் நுனி முதல் ஊன்றிலேயே கணுவளவு இறங்கியது. இரண்டாவது ஊன்றில் இன்னும் ஆழம். அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் காலிப்பர் பூட்ஸ் தன் பாட்டுக்குப் புதைந்தது. நான் சாயத் தொடங்கினேன். விழப்போகிறேன் என்று தெரிந்து, விழுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். விழுவதில் எனக்கு நீண்ட பழக்கம். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

வெளியூர்க்காரர். கூடவே மனைவி. "ஐயோ, பாத்து பாத்து. கூட யாரும் வரலியா? தனியா விட்டுட்டாங்களா?" என்று அந்த அம்மா என் ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டார். கணவர் என் கையைத் தன் தோளில் போட்டு என்னை அப்படியே திருப்பினார். கடல் பக்கம் இருந்த என் முகம் கார் பக்கம் வந்துவிட்டது. எங்கே போகிறாய் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கைய விடுங்க" என்றேன்.

"பரவாயில்லம்மா, வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டுர்றோம்."

"நான் வண்டிக்குப் போகல. கடலுக்குப் போறேன். கைய விடுங்க."

குரல் உயர்ந்துவிட்டது. மாங்காய் விற்கிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுத்தார். முகம் சிவந்துவிட்டது. "உதவிதானே பண்ணோம்" என்றார்.

"நான் கேக்கலையே."

மனைவி ஊன்றுகோலைத் திருப்பித் தந்துவிட்டு, நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவரை இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர்கள்தான். அது எனக்குத் தெரியாமலில்லை. என் வாழ்க்கையில் என்னைத் திருப்பி நிறுத்தியவர்கள் எல்லாருமே நல்ல மனிதர்கள்தான்.

அவர்கள் போன பிறகும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. டோக்கன்காரர் "இங்கேர்ந்தே கடல் நல்லா தெரியுது மேடம், ஒரு சேர் போடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முக்கு வந்தது. தெற்கே திரும்பினேன்.

அந்தச் சாலையைப் பற்றி என்ன சொல்ல! கல்பாக்கம் தாண்டியதும் லாரிகூட அரிதாகிவிட்டது. சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, மறுபடியும் சவுக்கு. பூட்டிக் கிடந்த ரிசார்ட்டுகளின் வாசலில் காவலாளிகள் நாற்காலியில் தூங்கினார்கள். கோடையில் தர்பூசணி குவித்து வைக்கிற கொட்டகைகள் வெறும் கழியும் கீற்றுமாக நின்றன. பாலாற்றில் தண்ணீர் ஓடியது. நான் ஒரு கையால் இழுத்தேன், வண்டி பறந்தது. தள்ளினேன், அடங்கியது. என் உடம்பில் எந்தப் பாகமும் நான் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் கேட்க முடியாத இடத்தில், அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் அண்ணனையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேசினால் காதைத் திருகுகிற வார்த்தைகள். உடம்புக்கு நன்றாக இருந்தது.

செய்யூரைத் தாண்டித் தெற்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. ஒரு பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு நாக்கு போலத் தரை. இடைக்கழிநாடு என்று அந்தப் பகுதிக்குப் பேர். கடப்பாக்கத்தில் சாலையோரம் ஒரு டீக்கடை திறந்திருந்தது. காரிலிருந்தே டீ கேட்டேன். கடைக்கார அம்மா டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலையை உள்ளே நீட்டிக் கம்பியைப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"பிரேக். கால் வராது. அதனால கையில வச்சிகிறாங்க."

"காலுக்கு இன்னா?"

"போலியோ."

"எங்க நாத்தனாருக்கும் அதான்" என்றார். பாவம் என்று சொல்லவில்லை. "இடிஞ்ச கோட்டையப் பாக்கவா வந்த?"

"கடலுக்கு. மணல்ல இறங்கணும்."

"அப்ப கோட்டைக்குப் போவாத. அங்க முன்னாடி கழிதான், கடலு அப்பால கீது. குப்பத்து ரோட்ல போ. போட்டுங்கள நிறுத்துற எடம் வரிக்கும் வண்டி போவும். மய பேஞ்சி மண்ணு எறுகிக் கெடக்கும்."

மீனவர் குப்பத்துச் சாலை படகுகளுக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. புயல் எச்சரிக்கை இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கிடந்தன. இரண்டு பேர் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. மணல் சரிவு, அதன் கீழே கடல். எழுபது எண்பது அடி இருக்கலாம்.

நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முதலில் தெரிந்த நடை தவழ்வதுதான். உட்கார்ந்தபடியே கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்வதற்கு எங்கள் வீட்டில் அந்தப் பேர். அதில் நான் கெட்டிக்காரி. அண்ணன் ஓடினால் பிடித்துவிடுவேன். எட்டு வயதில் ஆபரேஷன் முடிந்து காலிப்பர் வந்தபோது அம்மா சொன்னார்: "இனிமே தரையில தேய்ச்சிகினு போறதப் பாத்தேன், கைய ஒடச்சிருவேன்." அம்மா சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் நிமிர்ந்து நடந்தேன், படித்தேன், கரும்பலகை முன்னால் நிற்கிறேன். ஆனால் அந்த வார்த்தை அம்மா போன பிறகும் என்கூடவே இருந்தது. ராத்திரி தனியாகக் குளியலறைக்குப் போகும்போதுகூடக் காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் போவேன். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நாலு சுவருக்குள்ளேயே பயந்திருக்கிறேன்.

காலிப்பரின் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கம்பியை, பூட்ஸைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் ஊன்றுகோலோடு படுக்க வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மணலில் இறங்கி உட்கார்ந்தேன். கைகளை ஊன்றினேன். ஊன்றுகோலைப் போல அவை புதையவில்லை. விரித்த உள்ளங்கை மணலில் நின்றது.

சரிவில் பாதி போயிருப்பேன். படகு நிழலிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்.

"யம்மா! இன்னா ஆச்சு? வுயுந்துட்டியா?"

"இல்லண்ணா. கடலுக்குப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். திறந்து கிடந்த காரைப் பார்த்தார். வந்துவிடப் போகிறார், தூக்கிவிடப் போகிறார் என்று கைகளை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

"ஓரத்துலயே இரு. உள்ள இயுக்குது இன்னைக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வலையை எடுத்துக்கொண்டார். அப்புறம் அவ்வப்போது தலையைத் தூக்கி நான் இருக்கிறேனா என்று பார்த்தாரே தவிர, எழுந்து வரவில்லை.

கிளிஞ்சல் உள்ளங்கையைக் கீறியது. நண்டு வளைகள். ஈரமணல் வந்ததும் இறுகலாக இருந்தது, சுலபமாக நகர்ந்தேன். அலை வந்து முடிகிற விளிம்பில் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினேன். அப்போது அந்த அலை வந்தது. நான் நினைத்திருந்ததைவிடப் பெரியது. மடி வரைக்கும் வரும் என்று பார்த்தால் மார்பில் அடித்து என்னை மல்லாத்திவிட்டது. மூக்கில் உப்பு, வாயில் மணல். திரும்பிப் போகும்போது எனக்குக் கீழே இருந்த தரையையும் உருவிக்கொண்டு போனது. பத்து விரல்களையும் மண்ணுக்குள் புதைத்துப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே பயந்தேன். பின்னால் நகர்ந்து உட்கார்ந்து இருமினேன், துப்பினேன். பிறகு மறுபடியும் முன்னால் போனேன். அது மறுபடியும் தள்ளியது. நான் மறுபடியும் போனேன். என் கால்கள் இரண்டும் தண்ணீரில் லேசாகி, தாமாகவே ஆடின. அவை ஆடி நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தெற்கே கறுப்பாக மேகம் ஏறி, முதல் தூறல் முகத்தில் விழுந்தபோதுதான் கரை ஞாபகம் வந்தது.

மேலே ஏறுவது கஷ்டமாகத்தான் இருந்தது. நனைந்த துணி கனத்தது. காருக்கு வந்து, கதவைப் பிடித்துத் தொங்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன்.

"எங்க கீற?"

"கடப்பாக்கம்."

"கடப்பாக்கமா! மாபலிபுரம்தானே போன?"

"அங்க புடிக்கல. இங்க வந்து கடல்ல குளிச்சேன்."

"யாரு தூக்கினு போனாங்க?"

"யாரும் தூக்கல. தவழ்ந்து போனேன்."

"நாலு பேரு பாக்கவா?"

"நாலு பேரு இல்லண்ணா. ரெண்டு பேருதான். வல தச்சிகினு இருந்தாங்க."

போனை வைத்துவிட்டார். நான் ஈரக் காலில் காலிப்பரை மாட்டிப் பார்த்தேன். தோல் பட்டை வழுக்கியது, மணல் உரசித் தொடையை அறுத்தது. கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே வண்டியை எடுத்தேன்.

அரசாங்கம் சொன்ன மழை அரை நாள் தாமதமாக வந்தது. கூவத்தூரில் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வரைக்கும் கண்ணாடியில் கொட்டித் தீர்த்தது. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஊர்ந்தேன். பள்ளத்தில் இறங்கினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகுமோ என்று பயமாக இருந்தது. மாமல்லபுரத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கேட் திறந்திருந்தது. வாசலில் கணுக்கால் சேறு. மழை விடவில்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்றார். பக்கத்து சீட்டில் காலிப்பர் கிடந்தது. உரசிப் புண்ணான தொடை எரிந்தது. அதை மறுபடியும் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. கதவைத் திறந்து, சேற்றில் இறங்கி உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர ஆரம்பித்தேன்.

அண்ணன் குடையோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பாப்பா, இன்னாது இது? இரு, தூக்குறேன்" என்று குனிந்தார்.

"தொடாத" என்றேன்.

நிமிர்ந்தார். தெருவை ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு குடையைக் கொண்டுவந்து என் தலைக்குமேல் பிடித்தார். நான் ஒரு முறை உடம்பைத் தூக்கி வைத்தால் அவர் ஒரு அடி வைத்தார். "புத்தி கெட்டவ. சொன்ன பேச்ச கேக்குறாளா? வண்டி சீட்டெல்லாம் உப்பு. துருப் புடிச்சிப் பூடும்" என்று பின்வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அவர் முதுகு முழுக்க நனைந்தது. நான் நன்றி சொல்லவில்லை.

அண்ணி வெந்நீர் விளாவி வைத்திருந்தார். என் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தேய்த்து ஊற்றினார். என் காரை மூடிவிட்டு வந்த அண்ணன் வெளியே மேசைமேல் சாவியை எறிகிற சத்தம் கேட்டது. அதை எடுத்து ஒளித்து வைப்பாரோ என்று நினைத்தேன். வைத்தால் மறுபடியும் தெரு கூடுகிற மாதிரிச் சத்தம் போட வேண்டியதுதான்.

அண்ணி குனிந்து, வெளியே கேட்காதபடி கேட்டார். "தண்ணி சில்லுனு இருந்துச்சா?"

"இல்ல அண்ணி" என்றேன். "வெதுவெதுன்னு இருந்துச்சு."